புது ரப்பர் போட்ட வேன்

கண்ணு,

வண்டிச் சாவி என்ன ஆயிற்று என்று உன் அம்மாவைத் துளைக்காதே. அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நேற்று வண்டியை விட்டு இறங்கியதும் உன் கையிலிருந்து வாங்கிப் போட்டவன், இன்னும் வெளியே எடுக்கவில்லை. காலையிலிருந்து நீ என் பையையே பார்க்கிறாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கோழிகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். "அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா? வண்டியத் தரமாட்டாருங்களா?" என்று அடுப்படியில் நீ உன் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. இந்த வீட்டில் கிசுகிசுக்கிற எதுவும் என் காதுக்குத் தப்பாது என்பது உனக்குத் தெரியும். ஊர்வம்பில் பாதியை நான் அப்படித்தான் சேர்த்தேன்.

கோபம் இல்லை சாமி. பயம். அதை நேரில் சொல்ல எனக்கு வராது. சொல்ல உட்கார்ந்தால் நாலாவது வாக்கியத்தில், உன் மாமியார் வீட்டுச் சின்னத்தைக்கு நிச்சயதார்த்தம் நின்றுபோன கதைக்குத் தாவிவிடுவேன். நீ சிரிப்பாய், அந்தச் சிரிப்பிலேயே நானும் நழுவிவிடுவேன். எழுதும்போது எதிரில் சிரிக்க ஆளில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். சேந்தமங்கலம் போய்விடுவாய். சீராக என்ன வேண்டும் என்று கேட்டபோது மற்ற பெண்கள் பீரோ கேட்பார்கள், கட்டில் கேட்பார்கள். நீ இந்தப் பழைய மெட்டடார் வேனைக் கேட்டாய். வாரத்துக்கு ஒருதரம் மலை ஏறி வந்து, சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் பலாவும் சாமையும் ஏற்றிக்கொண்டு போய்க் கீழே கடை போடுவது என்று நீயும் மாப்பிள்ளையும் பேசி முடித்துவிட்டீர்கள். மாப்பிள்ளைக்கு சைக்கிள்கூடச் சரியாக ஓட்டத் தெரியாது என்று எனக்குத் தகவல். அப்படியானால் ஓட்டப்போவது நீதான். தனியாக. மழையில், பனிமூட்டத்தில், இந்த மலை ரோட்டின் எழுபது வளைவும். இந்த வரியை எழுதும்போதே எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

உன் அப்பன் ஒரு கோழை. இந்த மலையில் வளப்பூர் நாட்டில் கேட்டாலும் பைல் நாட்டில் கேட்டாலும் சொல்வார்கள். உன் வயதைவிட அதிக வருடம் இந்த ரோட்டில் வேன் ஓட்டியவன், ஒரு வளைவில்கூடத் தைரியமாகத் திரும்பியதில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஹாரன் அடிப்பேன், நின்றுவிட்டானோ என்று பின்னால் வருகிறவன் திட்டும் அளவுக்கு மெதுவாக்குவேன், காதைத் தீட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பேன். பதில் வந்தால் ஏறி வருகிறவனுக்கு ஒதுங்கி நிற்பேன். வராவிட்டால் இன்னொரு தரம் அடிப்பேன். சந்தைக்கு நடந்து போகும்போதுகூட ரேஷன் கடை முக்குத் திரும்புமுன் நான் தொண்டையைக் கனைப்பதாக உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். பொய் என்று சொல்ல மாட்டேன். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வலியோடு அவள் ஆஸ்பத்திரிக்கு இறங்கிய அன்றைக்கும் மூட்டம்தான். "ஏனுங்க, வலியக்கூடப் பொறுத்துக்கறனுங்க, அந்தச் சனியன அமுத்தாதீங்க" என்று வழியெல்லாம் அழுதாள். நான் அமுத்திக்கொண்டேதான் போனேன். நர்ஸ் உன்னைக் கொண்டுவந்து காட்டியபோது நீ போட்ட கத்தலைக் கேட்டு, "ஹாரன் நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். வாய்தானே, அதற்கு மட்டும் பிரேக் கிடையாது. உன் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூட்டம் இறங்கிவிட்டால் இந்த மலையில் கண்ணுக்கு வேலையில்லை, காதுதான் வண்டி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குரல் உண்டு. நாமக்கல் பஸ் கன்றைத் தேடுகிற மாடு மாதிரி அடித்தொண்டையில் கூப்பிடும். பால் வேன் கிழவன் இருமுவது போல. பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன் எவன் என்றுகூட ஹாரனைக் கேட்டே சொல்லிவிடுவேன். சந்தேகம் இருந்தால் செம்மேட்டு டீக்கடையில் சரிபார்த்துக்கொள்வேன். நீ வண்டி ஓட்டக் கற்றதையும் நான் காதால்தான் கண்டுபிடித்தேன். நீயும் உன் மாமனும் கூட்டுக் களவாணிகள். எனக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன், கீழ் வளைவிலிருந்து என் வண்டி ஹாரன் கேட்கிறது. என் வண்டி, நான் இல்லாமல்! செத்துக்கித்துப் போய்விட்டோமா, ஆவிதான் இங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறதா என்று கிளாஸை நன்றாகப் பிடித்துப் பார்த்தேன். சுட்டது. உயிரோடுதான் இருந்தேன். அப்புறம் கவனித்தேன்: ஹாரன் அடித்துவிட்டு அந்த வண்டி நின்றது. பதிலுக்குக் காத்திருந்தது. பதில் வராததால் இன்னொரு தரம் அடித்தது. அதற்குப் பிறகே திரும்பியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உன்னைப் பார்த்ததும் கத்துவதற்காகத் திறந்த வாயில் மிச்ச டீயை ஊற்றிக்கொண்டேன். ஓட்டுவது யாராக இருந்தாலும், காத்திருக்கத் தெரிந்த ஆள்.

இவ்வளவு தெரிந்தவன் செய்த வேலையைக் கேள்.

போன ஐப்பசி மழையில் நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், நினைவிருக்கிறதா? முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து, பல்லி செத்தது போல் வெடித்துக் கிடந்தது. மூலையிலிருந்து தண்ணீர் உன் முழங்காலில் சொட்டியது, பெடலில் வழிந்தது. ஜன்னலெல்லாம் கடகடவென்று ஆடியது. வளைவில் திரும்பும்போது நீ ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துப்பட்டாவை எடுத்து முகத்தைத் துடைத்தாய். அந்த ஒரு கை எனக்குப் பயப்படப் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பயத்துக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டால் அது அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கண்ணு. எழுபது வளைவைப் பார்த்துப் பயப்படுவதைவிட ஒரு ரப்பரைப் பார்த்துப் பயப்படுவது சுலபம். வளைவை என்னால் மாற்ற முடியாது. ரப்பரை மாற்றலாம்.

செம்மேட்டுப் பட்டறை முருகேசன் புது ரப்பர் கொண்டுவந்தான். பட்டறையில் அதை பீடிங் என்பார்கள்; கண்ணாடியைச் சுற்றிப் பிடித்து, தகரத்தோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும் பட்டை. "அண்ணா, இது தடிசு சாஸ்திங்க. நம்ம வண்டிக்கு மெலிசே போதுங்களே" என்றான். "மெலிசெல்லாம் வேணாம்ப்பா. எறும்பு நொழையக் கூடாது" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். நான் போனில் இரண்டு வீடியோ பார்த்திருந்தேன், ஆகவே அவன் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை.

ரப்பர் குளிரில் விறைத்துக்கொண்டு வளைய மாட்டேன் என்றது. சுடுதண்ணீரில் போட்டால் இளகும் என்றான் முருகேசன். வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. உன் அம்மா வந்து பார்த்தபோது கல்யாண அண்டாவில் ரப்பர் பாம்பு மாதிரி சுருண்டு கொதித்துக்கொண்டிருந்தது. "கருமமே! சோறாக்க எடுத்தாந்த அண்டாவுல ரப்பர வேக வெக்கறீங்களா? சம்பந்தி ஊட்டாளுங்களுக்கு இதையா பரிமாறப் போறீங்க?" என்றாள். "இன்னொரு கொதி வரட்டும், உப்புப் பாத்துச் சொல்லு" என்றேன். கரண்டியோடு என்னைத் துரத்தியதை நீ வீடியோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டாய். என் மரியாதை தாலி கட்டுவதற்கு முன்பே சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் முருகேசன் சோப்புத் தண்ணீர் கேட்டான். உன் கல்யாணப் பெட்டியிலிருந்த சந்தன சோப்பு காணாமல் போனது அப்படித்தான். நீ தேடவில்லை, வண்டி மணத்ததிலேயே தெரிந்திருக்கும்.

பக்கவாட்டு ஜன்னல்களையெல்லாம் முதலில் முடித்தோம். பெரிய பாடு முன் கண்ணாடிதான். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் வாய்க்குள் நைலான் கயிற்றை ஒரு சுற்றுப் பதித்து, அதன் முனைகளை வண்டிக்குள்ளே தொங்கவிட்டோம். கதவெல்லாம் சாத்தி நீ உள்ளே உட்கார்ந்தாய். நீ கயிற்றை மெல்ல இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகர விளிம்புக்கு மேலே ஏறி உட்காரும். உன் கை போகிற இடத்திலெல்லாம் வெளியிலிருந்து நானும் முருகேசனும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். தடித்த ரப்பர் இல்லையா, இந்த மூலையில் உட்கார்ந்தால் அந்த மூலையில் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இந்தக் கண்ணாடி விரிசல் விட்டால் வேறு கண்ணாடி கிடைக்காது. இந்த வண்டி செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். எட்டுக்கை அம்மனுக்கு ஒரு கையைக்கூட விடாமல் வேண்டிக்கொண்டு, கண்ணை மூடி ஓங்கி அழுத்தினேன். 'சொளக்'கென்று உட்கார்ந்தது.

கண்ணைத் திறந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் முகம். வாய் அசைகிறது. சத்தமே இல்லை. நீ சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தினேன். கதவைத் திறந்துகொண்டு நீ குதித்தாய். "விரல் மாட்டிக்கிச்சுங்கப்பா! எத்தன தடவ கத்தறது?" விரல் நுனி சிவந்திருந்தது. நான் அதைப் பிடித்து ஊதிவிட்டு முருகேசனிடம் திரும்பிச் சொன்னது என்ன தெரியுமா? "பாத்தியா, சத்தங்கூட நொழையல." பெருமையாகச் சொன்னேன், கண்ணு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. அன்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு தூங்கினேன்.

நேற்று வெள்ளோட்டம். சோளக்காடு தாண்டியதுமே மூட்டம் அடைத்துக்கொண்டது, கூடவே தூறல். நீ ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றினாய். உள்ளே கதகதப்பு, சந்தன வாசம். இஞ்சின்கூடப் பக்கத்து வீட்டில் மாவரைக்கிற மாதிரி எங்கோ ஓடியது. "ஏனுங்கப்பா, ஏசி காரு கெட்டுது போங்க!" என்றாய். எனக்கு அப்படியே மனசு இளகிவிட்டது. சாய்ந்து உட்கார்ந்து, அந்தச் சின்னத்தை கதையை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து, தாம்பூலத் தட்டோடு நின்ற இடத்துக்குக் கதை வந்திருந்தது. அப்போதுதான் ஒன்றை உணர்ந்தேன். எனக்குப் பயமாக இல்லை. இந்த மலையில் வண்டிக்குள் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குப் பயமே இல்லை.

வளைவு வந்தது. நீ ஹாரன் அடித்தாய். மெதுவாக்கினாய். காத்திருந்தாய். பதில் இல்லை. இன்னொரு தரம் அடித்தாய். பதில் இல்லை. திரும்பினாய்.

கண்ணாடி முழுக்க பஸ். அதற்குள்ளே தொங்கிய எலுமிச்சம்பழம் ஆடுவதுகூடத் தெரிந்தது. நீ பிரேக்கில் ஏறி நின்றாய். நம் பக்கவாட்டுக் கண்ணாடி பஸ்ஸின் தகரத்தில் உரசி மடங்கியது. உன் பக்கம் பஸ், என் பக்கம் பள்ளம். மூட்டத்தில் பள்ளம்கூடத் தெரியவில்லை. பால் ஊற்றி வைத்தது போல வெள்ளையாக, சாதுவாக இருந்தது. அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

பஸ் டிரைவர் இறங்கி வந்து உன் ஜன்னலைத் தட்டினான். அவன் வாயும் அசைந்தது, சத்தம் வரவில்லை. நீ கண்ணாடியை இறக்கினாய். அவ்வளவுதான், உலகத்துச் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே விழுந்தது: மழை, பஸ்ஸின் உறுமல், கீழ் வளைவில் எவனோ அடித்த ஹாரன், அப்புறம் அவன் வசவு. "ஏங் கண்ணு, காதுல பஞ்சா வெச்சிருக்கற? ரெண்டு தடவ பதில் குடுத்தனே! கேக்கலியா?" குனிந்து உள்ளே பார்த்தவன் என்னைக் கண்டு திகைத்துப்போனான். "அண்ணா! நீங்களுமா உள்ள இருக்கறீங்க? உங்க காதுக்கு என்னங்ண்ணா ஆச்சு?"

"தப்பு என்னோடதுங்ண்ணா. நாந்தான் கவனிக்கல" என்றாய் நீ.

தப்பு உன்னுடையது இல்லை. அப்போதே எனக்குத் தெரியும். நீ செய்ய வேண்டிய அத்தனையும் செய்தாய். அடித்தாய், நின்றாய், காத்திருந்தாய். அவனும் பதில் கொடுத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ரப்பர் வைத்து அடைத்திருந்தேன். வாய் ஓயாத உன் அப்பன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் வீடுவரைக்கும் வந்தான், சாவியை வாங்கிப் பையில் போட்டான். வெட்கத்தால் மட்டும் இல்லை. இதைவிட அசிங்கமான காரணம் ஒன்று இருந்தது. தப்பு உன்னுடையது என்றே இருந்துவிட்டால், "பாத்தியா கண்ணு, உனக்கு இந்த ரோடு வேண்டாம்" என்று சொல்லி வண்டியை நிறுத்திவிடலாம். உனக்கு ஒரு பீரோ வாங்கிக் கொடுத்துவிடலாம். நீ சேந்தமங்கலத்திலேயே பத்திரமாக இருப்பாய், நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஒரு ராத்திரி முழுக்க அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது.

காலையில் நீ கோழிக்கூண்டுப் பக்கம் வந்து நின்று, "அப்பா, என் காதுல ஏதாச்சும் கோளாறுங்களா? டாக்டர்கிட்டக் காட்டட்டுங்களா?" என்று கேட்டாய். என் யோசனை அங்கேயே செத்தது.

நீயும் அம்மாவும் ரவிக்கை வாங்கப் போயிருக்கும்போது முருகேசனை வரச்சொன்னேன். அவனைப் பைக்கோடு கீழ் வளைவுக்கு அனுப்பி, ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, நான் உன் சீட்டில் உட்கார்ந்து கதவெல்லாம் சாத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. என் மூச்சுதான் கேட்டது. மலையில் நான் மட்டும் செவிடாகிவிட்டது போல் இருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன், கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம். ஒரு விரல் நுழையும் இடைவெளி வந்ததும் தெளிவாகக் கேட்டது, பாவம், விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். பலாக்கட்டையில் ஒரு துண்டு செதுக்கி, டிரைவர் ஜன்னலின் மேல் மூலையில், ரப்பரைக் கொஞ்சம் வெட்டிவிட்டு இறுக்கமாக அடித்துவிட்டேன். இனிமேல் யார் எவ்வளவு சுற்றினாலும் அந்தக் கண்ணாடி கடைசி ஒரு விரல் அளவு ஏறாது. மேலே வந்து பார்த்த முருகேசன், "என்னங்ண்ணா, எறும்பு நொழையக் கூடாதுன்னீங்க?" என்றான். "எறும்பு வந்தா வந்துட்டுப் போகட்டும்டா. பஸ்சு நொழையாம இருந்தாப் போதும்" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன், இதைக் கல்யாண வாழ்க்கைக்குப் பொருத்தி நாலு வார்த்தை சொல்வான். எனக்கும் நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் உன் அம்மா இதைப் படித்துவிட்டு, "நீங்க என்னிக்குங்க என் பதிலுக்குக் காத்திருந்தீங்க?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆகவே வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூட்டத்தில் பாட்டு வேண்டாம், போன் வேண்டாம். என்னை மாதிரி கதை சொல்கிறவனை ஏற்றவே வேண்டாம்; சின்னத்தை கதையின் மிச்சத்தைக் கீழே போய்ச் சேர்ந்து போன் பண்ணு, சொல்கிறேன். பயந்து ஓட்டு. பயம் விட்டுப்போன மாதிரி இருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எது அடைத்திருக்கிறது என்று பார்.

என் பயம் போகவில்லை. போகாது. நீ இறங்கும் ஒவ்வொரு வாரமும் நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். முதல் சில வளைவுகள்வரை உன் ஹாரன் இங்கே கேட்கும். அப்புறம் கேட்காது. கேட்காத இடத்திலிருந்து நீ போன் பண்ணும்வரைக்கும் நான் எப்படி இருப்பேன் என்பதைக் கோழிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

முதல் வரியில் சாவி என் பையில் இருக்கிறது என்று எழுதினேன். எழுதும்போது அது உண்மை. இப்போது இந்தக் கடிதத்தை மடித்து, உன் பெட்டியில் சந்தன சோப்பு இருந்த இடத்தில் வைக்கப்போகிறேன். அதன்மேல் சாவி இருக்கும்.

உன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்றுதான் இத்தனையும் ஆரம்பித்தேன். இனி மழை பெய்தால் உன் வலது தோள் நனையும், கண்ணு. சீட்டுக்கு அடியில் துண்டு வைத்திருக்கிறேன், துடைத்துக்கொள். அந்தக் கட்டையை மட்டும் பிடுங்கிவிடாதே.

அப்பா